கோயிலில் கரைந்த ஐஸ்

எங்கள் செம்பூர் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்காரருடைய மருமகனுக்கு ரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். போட்டுக்கொண்டு, லோக்கல் ரயிலில் ஒற்றைக் கையில் தொங்கியபடி ஆபீஸ் போய் வருகிறார். போன மாதம் லிஃப்டுக்காக நின்றபோது அந்த மாமனார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கேன்சர் ஆராய்ச்சியிலதானே இருந்தீங்க? இந்த மாத்திரை நீங்க கண்டுபிடிச்சதா?"

இல்லை என்றேன்.

"அப்ப முப்பத்தஞ்சு வருஷமா என்னதான் கண்டுபிடிச்சீங்க?"

நல்லவேளை, லிஃப்ட் வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் நானும் சிலவற்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். தாதர் மீன் மார்க்கெட்டில் எந்தக் கடை ஐஸ் சீக்கிரம் கரையாது என்று கண்டுபிடித்தேன். வெளிநாட்டு விஞ்ஞானி பார்வையிட வருகிற நாளாகப் பார்த்துத்தான் சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழல் இயந்திரம் மக்கர் பண்ணும் என்று கண்டுபிடித்தேன். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அது என் முட்டாள்தனம் சம்பந்தப்பட்டது என்பதால் எந்த விஞ்ஞானப் பத்திரிகையிலும் வரவில்லை. நம் தமிழ்ச் சங்க மலரிலாவது வரட்டும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் விழுந்தவன். முருகன் அருளாலும், விண்ணப்பம் போட்ட இன்னொருவன் துபாய்க்குப் போய்விட்டதாலும், தாதர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அட்டெண்டர் ஆனேன். முதல் மூன்று வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கழுவினேன், காயவைத்தேன், உடைந்ததை ஒளித்துவைத்தேன். அதன் பிறகு மேடத்தின் அறைக்கு மாற்றினார்கள்.

மேடம் புனேக்காரர். பருத்திச் சேலை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். முப்பது பேர் வேலை பார்த்த இடத்தில் குரல் உயர்த்தாத ஒரே ஆள் அவர்தான். எதற்கும் ஒரே சொல்: "இன்ட்ரஸ்டிங்." நான் விலை உயர்ந்த குடுவையைப் போட்டு உடைத்தபோது சொன்னார். எலிக்கூண்டுக் கதவைப் பூட்ட மறந்து எலிகள் எல்லாம் நூலகத்துக்குக் குடிபோனபோதும் சொன்னார். மற்ற அறைகளில் வாய்விட்டுத் திட்டு வாங்கியவர்கள் மாலையில் டீ குடித்து மறந்துவிடுவார்கள். மேடத்திடம் "இன்ட்ரஸ்டிங்" வாங்கியவனுக்கு அன்று சோறு இறங்காது.

அவருடைய வேலை கைனேஸ் என்ற புரதத்தைப் பற்றியது. எனக்கு அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கைனேஸ் ஒரு குமாஸ்தா. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கார்ந்து மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற முத்திரையைக் குத்துவது அதன் உத்தியோகம். முத்திரை விழுந்த புரதம் எழுந்து வேலை பார்க்கும். 'வளரலாம்' என்று ஒரு முத்திரை குத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்; அதுதான் சட்டம். ஒருவகை ரத்தப் புற்றுநோயில் இந்தக் குமாஸ்தாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஓய்வு இல்லை, லஞ்ச் இல்லை, குத்திக்கொண்டே இருப்பான். வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஆறு மாதம் நடந்தவன் நான். கேட்காமலே முத்திரை குத்தும் குமாஸ்தா உலகத்தில் உண்டு என்பதை நம்பவே எனக்குச் சில நாள் ஆயிற்று.

அவன் எவ்வளவு குத்துகிறான் என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, உடைத்து, குமாஸ்தாவைத் தனியே பிடிக்க வேண்டும். பிறகு கதிரியக்கம் கலந்த மையை அவனிடம் கொடுக்க வேண்டும். அவன் குத்திய இடம் எக்ஸ்ரே படத்தில் கறுப்புக் கோடாக விழும். கோடு எவ்வளவு தடிப்போ அவ்வளவு பைத்தியம். அந்த மை வெளிநாட்டிலிருந்து ஈயச் சொப்பில் அடைத்து வரும். பதினாலு நாளில் பாதி வீரியம் போய்விடும் என்பதால், அது வந்த அன்று கல்யாண வீடு மாதிரி எல்லோரும் ஓடுவோம். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திவிடுவார்கள், எவ்வளவு கதிர் என் மேல் பட்டது என்று பார்க்க. தாராவியில் எங்கள் சால் குடியிருப்பில் அதைப் பார்த்து நான் ஏதோ ஆபீசர் ஆகிவிட்டதாக நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

இதில் என் பங்கு ஒன்றுதான். சயான் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் எடுத்த ரத்தத்தைக் கூடத்துக்குக் கொண்டுவருவது. மேடத்தின் விதி: ஊசி குத்திய நேரத்திலிருந்து நாற்பது நிமிஷத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் இருக்க வேண்டும். வழியெல்லாம் ஐஸில் இருக்க வேண்டும். சூடு பட்டால் அந்தக் குமாஸ்தாவை ரத்தத்தில் இருக்கும் மற்ற சாமான்களே தின்று தீர்த்துவிடும். வந்ததும் இரண்டு நேரத்தையும் லாக் புக்கில் எழுத வேண்டும். உலகத் தரம் வாய்ந்த இந்த ஆராய்ச்சிக்கு இருந்த குளிர்சாதன வசதி, என் வீட்டு அகலவாய்க் காப்பி ஃபிளாஸ்க்கும் மீன் மார்க்கெட் ஐஸும். வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தபோது எங்கள் சாதனங்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். ஃபிளாஸ்க்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் காதர் பாய். திருநெல்வேலிச் சீமை, என் ஊரிலிருந்து ரெண்டு ஸ்டாப்தான். தாராவியில் தோல் பெல்ட் பட்டறை வைத்திருந்தார். அன்றைக்கு இருந்த வைத்தியம், வெள்ளை அணுக்களை அடக்கி வைக்கிற ஒரு மாத்திரை. குமாஸ்தாவை அது தொடாது. அவன் குவிக்கிற காகிதத்தை அவ்வப்போது அள்ளிக் கொட்டும், அவ்வளவுதான். சில வருஷம் அப்படியே ஓடும். பிறகு ஒருநாள் அள்ள முடியாது. டாக்டர்களுக்கு இது தெரியும், மேடத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பாய்க்குப் பாதி தெரியும்.

குமாஸ்தா கதையை நான் அவருக்கும் சொல்லியிருந்தேன். மாதம் ஒருமுறை ரத்தம் எடுக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்பார்: "என்ன ஓய் சம்முவம், எங்குமாஸ்தா என்ன சொல்லுதான்? ரிட்டயர்டு ஆவானா மாட்டானா?"

"எக்ஸ்டென்ஷன் வாங்கிட்டான் பாய்."

"கவருமெண்டு உத்தியோகம் பாத்தீரா, அசைக்க முடியாது."

இப்படிப் பேசுகிறவரை ஒருமுறை முகம் வெளிறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பார்த்தேன். மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார். தை கழிந்து நாள். "அதுவரைக்கும் நாள் கெடைக்குமா ஓய்?" என்றார். சிரிக்காமல் கேட்டார். அதுதான் என்னைப் பிடுங்கியது.

அன்று கிருத்திகை. ரத்தக் குழாயை ஃபிளாஸ்க்கில் வைத்து, சயானில் ரயில் ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. அங்கே முருகன் சந்நிதி. அஞ்சு நிமிஷ வேலை, பாய் பெயருக்கு ஓர் அர்ச்சனை, ரத்தத்தையே சாமி காலடியில் வைத்து எடுத்துவிடலாம் என்று தோன்றியது. இதைவிடப் பக்குவமான யோசனை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இறங்கிவிட்டேன்.

கிருத்திகையன்று மாட்டுங்காவில் அஞ்சு நிமிஷம் என்றால் என்ன என்பது அங்கே வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். என் முறை வந்தபோது குருக்கள் ஃபிளாஸ்க்குக்குக் கை நீட்டினார்.

"பாலா?"

"இல்ல சாமி. மருந்து." ரத்தம் என்றால் என்னையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பார்.

"யாருக்கு? பேரு, நட்சத்திரம்?"

"காதர்."

குருக்கள் என்னை ஒரு கணம் பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

"கோத்திரம் கேக்கல. சாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டுபோய், மரியாதையாக, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். மருந்து அல்லவா, சாமி அருள் உள்ளே இறங்கட்டும் என்று மூடியையும் திறந்துவைத்தார். அபிஷேகம் முடிந்து திரை விலகும்வரை ஃபிளாஸ்க் சாமியோடு இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. பக்தியில்தான்.

வெளியே வந்து பார்த்தேன். ஐஸ் இல்லை. வெதுவெதுவென்று தண்ணீர், அதில் குழாய் மிதந்தது. எதிரே கரும்புச்சாறு வண்டியில் ஒரு கை ஐஸ் வாங்கிப் போட்டேன். கூடத்துக்கு வந்தபோது ஊசி குத்தி ஒன்றே முக்கால் மணி ஆகியிருந்தது. மேடம் மீட்டிங்கில் இருந்தார். லாக் புக்கில் வழக்கம்போல் முப்பத்தைந்து நிமிஷம் என்று எழுதினேன். கை தானாக எழுதியது என்று சொன்னால் நம்பிவிடுவீர்களா? நான் பார்த்துத்தான் எழுதினேன்.

ஐந்தாம் நாள் இருட்டறையில் படத்தைக் கழுவினேன். அந்த வாரம் நாலு பேர் ரத்தம். மூன்று பேருக்கு நெற்றியில் நாமம் போட்ட மாதிரி கறுப்புக் கோடு. பாயுடைய இடம் சுத்தம். சிவப்பு விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு நிழல்கூட இல்லை.

முருகா என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

படித்தவனாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பேன். நான் படத்தை மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டு, சாயங்காலமே பாய் பட்டறைக்கு ஓடினேன்.

"பாய், ஒங்க குமாஸ்தா ஓடிட்டான்!"

"என்ன ஓய் சொல்லுதீரு?"

"படத்துல கோடே இல்ல. எங்கண்ணால பாத்தேன்."

தையல் மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார். பசை வாடையும் தோல் வாடையும் நிறைந்த அந்த அறையில் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அல்வா வந்தது.

"அப்ப இனி மாத்திரை எதுக்கு?" என்றார். "அதத் தின்னா நாக்குல ருசியே இல்ல, சவம்."

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேடம் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். எனக்கு முதன்முறையாக அந்தச் சொல் இனித்தது. லாக் புக்கை வாங்கிப் பார்த்தார். முப்பத்தைந்து நிமிஷம். மூடிக் கொடுத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். மேஜையில் புதிய படம் ஒன்று. இன்னொரு நோயாளியின் ரத்தத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார். ஒன்றை உடனே ஐஸில் வைத்திருக்கிறார். இன்னொன்றை முக்கால் மணி நேரமும், மூன்றாவதை ஒன்றரை மணி நேரமும் மேஜைமேலேயே விட்டிருக்கிறார். முதலில் தடித்த கோடு. இரண்டாவதில் மெலிந்த கோடு. மூன்றாவது சுத்தம். பாயுடைய இடம் போலவே சுத்தம்.

"சண்முகம்," என்றார் இந்தியில், அதே குரலில், "அந்தக் கிருத்திகை நாள். எத்தனை நிமிஷம்?"

கிருத்திகை என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? மற்ற கிருத்திகைகளைப் போலவே அன்றும் நெற்றியில் விபூதியும் காதில் பூவுமாகத்தான் கூடத்தில் இருந்திருக்கிறேன்; மீட்டிங் முடிந்து வந்தவர் பார்த்திருக்கிறார். துப்பறிவதற்கு அவர் சிரமப்படவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே மூன்று கேள்வி கேட்டார். ஃபிளாஸ்க் எங்கே இருந்தது? மூடி திறந்திருந்ததா? விளக்கு எத்தனை? பதில்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். என் பாவத்தைக்கூட அவர் பரிசோதனைக் குறிப்பு மாதிரி எழுதிக்கொண்டது எனக்கு அடி வாங்கியதைவிட வலித்தது. கடைசியாக, "இதை யாரிடமாவது சொன்னாயா?" என்றார்.

"காதர் பாய்கிட்ட சொன்னேன் மேடம்."

"என்ன சொன்னாய்?"

"குணமாயிருச்சுன்னு."

"மாத்திரை?"

நான் தலையைக் குனிந்தேன். அவர் "இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் சொல்லாமல் விட்டது அன்று ஒருநாள்தான்.

லாக் புக்கை என் பக்கம் தள்ளினார். "முதலில் இதைத் திருத்து. அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியான நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடு. பிறகு போய் அவரிடம் சொல். இப்போதே."

"நீங்க வந்து சொன்னா கேப்பாரு மேடம்..."

"அவர் என்னிடமிருந்தா கேள்விப்பட்டார்?"

தாதரிலிருந்து தாராவிக்கு அன்று நடந்தே போனேன். ரயிலில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்ற பயம். பாய் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வயிறு இடது பக்கம் மறுபடி உப்பத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாரும் வாரும்! நிக்காஹ்வுக்கு மொத பத்திரிகை ஒமக்குத்தான்" என்றார்.

நின்றபடியே சொன்னேன். கோயில், விளக்கு, கரைந்த ஐஸ், பொய் நேரம். ஒன்றையும் விடவில்லை. உங்கள் குமாஸ்தா எங்கும் போகவில்லை, என் ஃபிளாஸ்க்கில் அவன் செத்துப்போனான், உங்கள் உடம்பில் சௌக்கியமாக இருக்கிறான் என்று சொன்னேன்.

பாய் கையிலிருந்த பெல்ட்டைச் சுருட்டினார், விரித்தார், சுருட்டினார். அதால் ஒன்று விளாசினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"ஓய்," என்றார் கடைசியில், "சாமி கும்பிட ரெண்டு கை வேணும்லா? ஒரு கையில எம் ரத்தத்த வச்சிக்கிட்டு என்னத்தவே கும்பிட்டீரு?"

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எம்பேருக்கா அர்ச்சனை பண்ணினீரு?"

"ஆமா பாய். நட்சத்திரம் கேட்டாரு."

"என்ன சொன்னீரு?"

"தெரியாதுன்னேன்."

அவர் தோள் குலுங்கிற்று. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிக்கிறார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு அது எதுவென்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

"மாத்திரைய எறிஞ்சிட்டனே ஓய்" என்றார் மெதுவாக. "எறியச் சொல்லி இவகிட்டதான் குடுத்தேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் ஒரு கையில் மாத்திரைப் புட்டியுமாக வந்தார்.

"அவுக எறியச் சொன்னா நான் எறிஞ்சிருவனாக்கும்?" என்றார் என்னைப் பார்த்து. "அண்ணாச்சி, நீங்க படம் பாத்துட்டு ஓடியாந்திய. டாக்டரு சொன்னாரான்னு கேட்டேன். அதுக்கு ரெண்டு பேருமா அல்வா தின்னுக்கிட்டு இருந்திய."

எங்கள் கூடத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் பதினாலு பேர். அந்தக் கேள்வியைக் கேட்டவர் தாராவியில் இருந்தார்.

பாய் மறுபடி மாத்திரை எடுத்தார், வயிறு மெல்ல வற்றியது. தை கழிந்து மகள் நிக்காஹ்வுக்கு அவரே வாசலில் நின்று வரவேற்றார். என்னைச் சம்பந்தி வீட்டாரிடம், "இவரு எங்குமாஸ்தாவ கோயில்ல வச்சுக் கொன்னவரு" என்று அறிமுகப்படுத்தினார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

அதன் பிறகு ரத்தம் கொடுக்கும் நாளில் தன் கடிகாரத்தோடு வருவார். ஊசி எடுத்ததும் பிளாஸ்திரித் துண்டில் தன் கையாலேயே நேரம் எழுதி ஒட்டுவார். 'காதர், பகல் 11.10.' பிறகு என் முதுகில் ஒரு தட்டு. "ஓடும் ஓய். மாட்டுங்காவுல வண்டி நின்னா கண்ண மூடிக்கிடும்." நான் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொள்வேன். முருகன் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். சாயங்காலம் வெறும் ஃபிளாஸ்க்கோடு திரும்பும்போது இறங்கிக் கும்பிட்டுக்கொள்வேன்.

நிக்காஹ்வுக்குப் பிறகு இரண்டு நோன்புப் பெருநாள் இருந்தார். பிறகு, எல்லோருக்கும் தெரிந்திருந்தபடியே, அள்ள முடியாத நாள் வந்தது. அந்த இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் இருந்திருப்பாரா என்று மேடத்திடம் ஒருமுறை கேட்டேன். "தெரியாது" என்றார். தெரியாது என்பதைத் தெரியாது என்று சொல்வதற்குத்தான் அவர் அவ்வளவு படித்திருந்தார். நான் ஆறுதலாக ஒரு பொய்யை எதிர்பார்த்தேன். அந்த வேலை என்னுடையது என்று மறந்துவிட்டேன்.

பாயுடைய அணுக்களில் கொஞ்சத்தை மேடம் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருந்தார். அந்தச் சிறு குப்பியில் பாய் எழுதிய பிளாஸ்திரியையே இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டியவன் நான். தொட்டிக்கு வாரம் ஒருமுறை நைட்ரஜன் ஊற்றுவதும் என் வேலை. பந்த், மழை, வெள்ளம் எதற்கும் அதை நான் தவறவிட்டதில்லை. ப்ரமோஷனுக்காக என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

இடையில் மேடம் ஓய்வு பெற்றுப் போனார். வேறு தேசத்தில் வேறு யாரோ, மூன்றாவது மாடி மருமகன் இன்று போட்டுக்கொள்ளும் அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தார்கள். குமாஸ்தா மை டப்பா வைக்கிற பள்ளத்தில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். மை இல்லாமல் அவன் என்ன குத்துவான்? இவ்வளவு எளிமையான யோசனைக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஸ்நேஹா என்ற ஆராய்ச்சி மாணவி தொட்டியிலிருந்து பழைய குப்பிகளை எடுத்தாள். பழைய நோயாளிகளின் அணுக்களில் இந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க.

"அங்கிள், யே கௌன்சி பாஷா ஹை?" என்று ஒரு குப்பியை நீட்டினாள். என்ன மொழி என்று கேட்கிறாள். பனி படர்ந்த பிளாஸ்திரியில் எழுத்து அப்படியே இருந்தது.

"தமிள்" என்றேன். "டைம் லிக்கா ஹை." நேரம் எழுதியிருக்கிறது.

ஐஸ் பெட்டி அவள் பக்கத்தில் இருந்தது. நான் மூடியைத் திறந்து பார்த்தேன். திரும்பப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்த்தபோது, "அங்கிள், ஐஸ் தீக் ஹை" என்றாள் எரிச்சலோடு. ஐஸ் சரியாகத்தான் இருக்கிறதாம்.

நாலு நாள் கழித்துப் படம் வந்தது. பாயுடைய அணுக்கள், இரண்டு பாகம். மாத்திரை போடாததில் தடித்த கறுப்புக் கோடு. அத்தனை வருஷம் உறைந்து கிடந்தும் ஆசாமி பைத்தியம் தெளியாமல் குத்தியிருக்கிறான். மாத்திரை போட்டதில் ஒன்றும் இல்லை. சுத்தம்.

லாக் புக்கை வாங்கி நேரங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். கணக்கில் விழுந்தவன்தான், அன்று சரியாக வந்தது.

"கைசா ஹை, அங்கிள்?" என்றாள் ஸ்நேஹா, எப்படி இருக்கிறது என்று.

"இன்ட்ரஸ்டிங்" என்றேன்.

படத்தைப் பார்த்ததும் யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லும் பழக்கத்தை நான் எப்போதோ விட்டிருந்தேன். சொல்ல வேண்டிய ஆளும் பட்டறையில் இல்லை. சாயங்காலம் ரயில் மாட்டுங்காவில் நின்றது. இறங்கினேன். கிருத்திகை இல்லை, கூட்டம் இல்லை, சந்நிதியில் நேராகப் போய் நின்றேன். இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. கும்பிட்டேன்.